குழி நம்மளுது, மரை அவுங்களுது

கிணற்றுக் காலத்துத் தீண்டாமை கண்ணுக்குத் தெரிகிற தீண்டாமை. மேலே நின்று ஊற்றுகிறவர் ஒருவர், கீழே குடத்தை ஏந்தி நிற்கிறவள் ஒருத்தி, நடுவில் விழுகிற தண்ணீர். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் அம்பேத்கரும் அவரோடு நடந்த ஆயிரக்கணக்கானவர்களும் சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். தொடக்கூடாது என்று சொல்லப்பட்டது தண்ணீர். தொட்டார்கள். சாதி இந்துக்கள் சாணியும் மூத்திரமும் கரைத்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்துகொண்டார்கள். குழாய் வந்தபிறகு இத்தனை சிரமம் யாருக்கும் இல்லை. ஒரே தொட்டித் தண்ணீர்தான் ஊருக்கும் வருகிறது, காலனிக்கும் வருகிறது. தண்ணீரைத் தொடாதே என்று யாரும் சொல்வதில்லை. வால்வைத் தொடாதே என்கிறார்கள், அவ்வளவுதான். லைனைத் தொடாதே, மரையைத் தொடாதே. நம் எழுத்துகளில் கிணறு வந்த அளவுக்கு வால்வு வரவில்லை. ஆகவே ஒரு வால்வையும் ஒரு யூனியனையும் பற்றி எழுதுகிறேன். இலக்கியப் பத்திரிகையில் குழாய் ரிப்பேரா என்று முகம் சுளிக்கிற நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் இங்கே விஷயமே.

திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்று எழுதுவது பழக்கத்தில்தான். ஊர் வேறு, காலனி வேறு, நடுவில் தார் ரோடு. தொட்டி ஊருக்குள், பள்ளிக்கூடத்தை ஒட்டி. அதன் காலடியில் இரண்டு வால்வுக் குழிகள். ஒன்று ஊர்த் தெருக்களுக்கு, மற்றது ரோட்டைக் கடந்து எங்களுக்கு. கேட் வால்வு எளிய சாமான்தான். மேலே நின்று பார்த்துக் கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால் உள்ளே ஒரு தகடு இறங்கி வழியை அடைக்கும். எதிர்ப்பக்கம் திருப்பினால் தகடு ஏறும். முழுக்கத் திறக்கப் பல சுற்றுகள் வேண்டும். ஊர் வால்வு முழுக்கத் திறக்கும். எங்கள் வால்வு மூன்று சுற்று. என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. களைவெட்ட அந்த வழியாகப் போகும்போது ஆப்பரேட்டரின் கையைப் பார்த்துச் சுற்று எண்ணுவாள். "மூணே சுத்துடா. நாலாவது சுத்துக்கு அவன் கைக்கு வலி வந்துடுது" என்பாள். கிராமசபையில் நாங்கள் கேட்டபோது, எல்லாருக்கும் சமமாகத்தான் திறந்துவிடுகிறோம் என்று பதில் வந்தது. அத்தை எழுந்து சுற்றுக் கணக்கைச் சொன்னாள். சிரித்தார்கள். மறு வாரம் நாலு சுற்று ஆனது.

இந்த லைனைப் புதைத்தபோது குழி வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். பைப்பைத் தோளில் தூக்கிவந்தவர்களும் எங்கள் ஆட்கள். குழிக்குள் படுத்திருக்கிற பைப்புக்கு ஜாயிண்ட் போட மட்டும் வெளியிலிருந்து ஃபிட்டர் வந்தார். "குழி நம்மளுது, மரை அவுங்களுது" என்று பெரியப்பா சொல்வார். பெரியப்பா சென்னையில் 23 வருஷம் ஒரு காண்டிராக்டரிடம் ஹெல்பராக இருந்தவர். பைப்பைத் தூக்கி வைஸில் மாட்டுவார், ஹேக்ஸாவால் அறுப்பார், எண்ணெய் ஊற்றுவார். டையை மாட்டி மரை வெட்டுவது ஃபிட்டரின் வேலை. டை செட் இருக்கிற பெட்டிக்குச் சாவியும் ஃபிட்டரிடம். சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் கதை மாறிவிடும். "அன்னிக்கி மட்டும் நாந்தான் ஃபிட்டர், அவரு ஹெல்பர். அவரு மேல நின்னு மூக்கப் பொத்திகினு டார்ச் அடிப்பாரு." நல்ல தண்ணீர்க் குழாய்க்கு ஒரு சாதி, கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு சாதி என்று எந்த அரசாணையிலும் எழுதப்படவில்லை. எழுதாமலே நடக்கிறது. மனிதர் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. குழிக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. இறங்குகிறவர் யார் என்பது மட்டும் மாறவில்லை.

23 வருஷமும் கை சும்மா இருந்ததே தவிர, பெரியப்பாவின் கண் சும்மா இருக்கவில்லை. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் பைப்புக்கு இஞ்சுக்கு 14 மரை, ஒரு இஞ்சுக்கும் அதற்கு மேலே போனாலும் 11 மரை என்று எண்ணி வைத்திருந்தார். பைப் மரை சரிவாக வெட்டப்படும், முனையில் ஒடுங்கி உள்ளே போகப்போகத் தடித்துப் பிடிக்கும், அதனால்தான் தண்ணீர் நிற்கிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டார். எம்.ஏ. தமிழில் எனக்கு 'மரை' என்றால் சங்கப் பாட்டில் மேய்கிற ஒரு மான். பெரியப்பா சொல்லித்தான் பைப்பில் இருப்பதும் மரை என்று அறிந்தேன். மரை கழண்டவன் என்று பைத்தியத்தைச் சொல்கிறோமே, அந்த மரை. 'நூல்' இன்னும் வேடிக்கை. நன்னூல் சொல்கிற நூல், தச்சன் மரத்தின் கோணலைப் பார்க்கப் பிடிக்கிற நூலைப் போல மனக்கோணலைத் தீர்ப்பதாம். பெரியப்பாவுக்கு நூல் என்பது எட்டில் ஒரு பங்கு இஞ்ச். அரை இஞ்ச் பைப் அவருக்கு நாலு நூல். நடுவில் இன்னொரு நூல் சிலர் தோளில் கிடக்கிறது. அது எந்தக் கோணலைத் தீர்த்தது என்று யாராவது சொன்னால் தேவலை.

2019 மே மாதம். அந்தக் கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்ததைப் பத்திரிகைகள் எழுதிக் குவித்தன. எங்கள் காலனியில் தண்ணீர் இருந்தது, ஆனால் நாறியது. லைன் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்தான். ரோட்டைக் கடக்கிற இடத்தில் மட்டும் ஒன்றரை இஞ்ச் இரும்புக் குழாய். அந்த இரும்புக் குழாயின் முனையில், ஊர்ச் சாக்கடை வந்து தேங்குகிற பள்ளத்தை ஒட்டி, யூனியன் ஜாயிண்ட் கசிந்தது. தண்ணீர் வரும்போது கசிந்தால் வெளியேதான் போகும். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற லைன் என்றால் அவ்வளவு ஆபத்தில்லை. எங்களுக்கு ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் வரும். வால்வை மூடியதும் குழாய்க்குள் தண்ணீர் வடிந்து உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்போது அதே ஓட்டை வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்சுகிறது. வெளியில் இருந்தது சாக்கடை. நாலு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தையை ஜிப்மருக்கே கொண்டுபோகும்படி ஆயிற்று, பிழைத்துக்கொண்டது. 11 நாள் ஆப்பரேட்டரிடம் கேட்டோம். "ஃபிட்டர் வரணும்" என்பதே பதில். ஊர்த் தெருவில் குழாய் உடைந்தால் அன்று மாலையே ஃபிட்டர் வருவார். 12ஆம் நாள் பெரியப்பா, "ஃபிட்டர் வந்தாச்சி" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

இங்கே யூனியன் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு பைப்பின் இரண்டு முனையும் இரண்டு சாக்கெட்டில் முடுக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். நடுவில் ரெஞ்சு போட்டுத் திருகினால் ஒரு முனை கழலும், மறுமுனை அதே அளவுக்கு இறுகும். எந்தப் பக்கம் திருப்பினாலும் இதே கதிதான். அதனால் நடுவில் எங்காவது ஒரு யூனியன் வைப்பார்கள். எதிரெதிரே இரண்டு துண்டுகள், இரண்டையும் இழுத்துப் பிடிக்கிற ஒரு பெரிய நட்டு. நட்டைக் கழற்றினால் லைன் இரண்டாகப் பிரியும். "யூனியன் இல்லாம லைன் போட்டா அப்புறம் அறுத்துத்தான் கழட்டணும்" என்றார் பெரியப்பா. தொழிற்சங்கத் தோழர்கள் கேட்டால் மகிழ்ந்துபோவார்கள். பெரியப்பா குழாயைத்தான் சொன்னார்.

குழியைத் தோண்டிச் சேற்றை வாரினோம். அது எங்களுக்குப் புதிதில்லை. குழிக்குள் நானும் பெரியப்பாவும் இரண்டு பையன்களும். எங்களுக்கு எதிரே குழாய் இடமும் வலமுமாகக் கிடந்தது. இடக்கைப் பக்கம் ஊர், வலக்கைப் பக்கம் காலனி. யூனியன் நட்டு காலனித் துண்டில் கோத்து ஊர்த் துண்டின் மரையில் ஏறியிருந்தது. ஊர்த் துண்டை ஒரு ரெஞ்சால் பிடித்துக்கொண்டு இன்னொரு ரெஞ்சை நட்டில் போட்டோம். ஒன்று பிடிக்கவேண்டும், ஒன்று திருகவேண்டும். பிடிக்காமல் திருகினால் ரோட்டுக்கு அடியில் இருக்கிற ஜாயிண்டும் சேர்ந்து அசைந்து, கசிவு ஒன்று இரண்டாகிவிடும்.

அதற்குள் ஆப்பரேட்டர் சைக்கிளில் வந்துவிட்டார். குழியின் எதிர்க்கரையில் நின்றுகொண்டு, "யாரைக் கேட்டுடா லைன்ல கை வெச்சீங்க?" என்றார். பெரியப்பாவைவிட 20 வயது சின்னவர். "ஏம்பா, வயசானவன் உனக்கும் புத்தி இல்ல?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ரெஞ்சு நட்டில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தள்ளுடா, தள்ளணும்" என்றார். கைப்பிடி மேலே நின்றது. சின்னப் பையன் தள்ளினான். நட்டு இன்னும் இறுகியது. "நல்லாத் தள்ளுடா!" பையன் காலை உதைத்துத் தள்ளப்போனபோது பெரியப்பா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஆப்பரேட்டர் வேண்டுமென்றே சொன்னாரா என்று பையன்கள் அன்று இரவு முழுக்க வாதம் செய்தார்கள். இல்லை என்றே நினைக்கிறேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அவர் நின்ற கரையிலிருந்து அந்த நட்டைக் கழற்றத் தள்ளத்தான் வேண்டும். நாங்கள் இருந்த கரையிலிருந்து கழற்ற இழுக்கவேண்டும். நட்டு ஒன்றுதான், சுற்று ஒன்றுதான். அவருடைய தள்ளல் எங்களுக்கு இழுப்பு. அவர் தன் கரையை உலகத்தின் கரை என்று எண்ணிச் சொன்னார். இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை.

பெரியப்பா தன் சோத்தாங்கையை நீட்டினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "நட்டு எந்தப் பக்கம் போவணும்?" காலனிப் பக்கம் வரவேண்டும். "கட்டவெரல அந்தப் பக்கம் காட்டு. மத்த நாலு வெரலும் எப்பிடி மடங்குது பாரு. அப்பிடிச் சுத்து." விரல்கள் மேலிருந்து எங்களை நோக்கி மடங்கின. பையன் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு தடவை கிறீச்சிட்டு நட்டு இளகியது.

வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சோத்தாங்கைப் பக்கம் இறுக்கம், பீச்சாங்கைப் பக்கம் கழட்டல். சுவரில் ஒரு குழாயை முடுக்கும்போது நேர் எதிரே நின்று, ரெஞ்சுக் கைப்பிடி மேலே இருந்தால், இந்த விதி சரி. அதே குழாயில் ரெஞ்சு கீழே தொங்குகிறது என்றால் இறுக்குவதற்குக் கைப்பிடி இடப்பக்கம் போகவேண்டும். வட்டத்தின் மேல்பாதி வலம் போகும்போது கீழ்பாதி இடம் போகிறது. வட்டத்துக்கு உச்சியில் நின்றுகொண்டவர்கள் எழுதிய விதி அது. கீழே தொங்குகிறவர்களுக்கு அப்படியே தலைகீழ். குழாய் குறுக்கே கிடந்தால் வலமும் இல்லை, இடமும் இல்லை. பெரியப்பாவின் கட்டைவிரல் எந்தக் கரையில் நின்றாலும், படுத்துக்கொண்டு பார்த்தாலும் மாறாது. இறுக்கவேண்டுமானால் சாமான் போய்ச் சேரவேண்டிய பக்கம் விரலைக் காட்டவேண்டும், கழற்றவேண்டுமானால் அது வெளியே வரவேண்டிய பக்கம்.

வலம் என்ற சொல்லுக்கு அகராதியில் வலப்பக்கம் தவிர வெற்றி, வலிமை என்றும் பொருள் உண்டு. சாமியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றினால் வலம்வருதல். கோபுரத்து உச்சியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தச் சுற்று கடிகார முள் போகிற போக்கு. பூமிக்குள்ளிருந்து ஒருவன் பார்த்தால் எதிர்ப்போக்கு. நாமோ சுற்றவே விடப்படாதவர்கள், அது வேறு. வலது இடது என்று இந்த மண்ணில் உழைக்கிற சாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்டதும் உண்டு. பறையர் வலங்கை, பள்ளரும் சக்கிலியரும் இடங்கை. 1707இல் சென்னைப் பட்டணத்தில் எந்தத் தெருவில் எந்தக் கை ஊர்வலம் போவது என்று மூண்ட கலகத்தைக் கம்பெனி கவர்னர் தாமஸ் பிட் தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. இரண்டு கையும் ஒரே உடம்பில் இருந்தன என்பது யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ஏகலைவனை இழுக்காமல் ஒரு தலித் கட்டுரை முடியாதா என்று நண்பர் ஒருவர் கேலி செய்வார். இழுக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் துரோணர் கேட்டது வலக்கைக் கட்டைவிரல். பெரியப்பா நீட்டியதும் அதே விரல்.

மீதி வேலை சுருக்கமானது. யூனியன் நட்டுக்கு நூல் சுற்றவேண்டாம். அங்கே தண்ணீரை நிறுத்துவது மரை இல்லை, இரண்டு துண்டும் ஒன்றோடொன்று உட்காருகிற இடம். உள்ளே இருந்த வாஷர் மட்கிப்போயிருந்தது, புதிது போட்டோம். பக்கத்து சாக்கெட்டும் கசிந்ததால் அதைக் கழற்றி, பைப் மரையில் சணல் சுற்றி வெள்ளை பெயிண்ட் பூசி ஏற்றினோம். சணலைப் பைப் முனையை நேராகப் பார்த்துக் கடிகாரப் போக்கில் சுற்றவேண்டும். மாற்றிச் சுற்றினால் சாக்கெட் ஏற ஏறச் சணல் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். ரெஞ்சும் ஒரு பக்கம்தான் கடிக்கும். அதன் வாய் திறந்திருக்கிற பக்கம் இழுத்தால் பிடிக்கும், எதிர்ப்பக்கம் இழுத்தால் வழுக்கும். கழற்றிய ரெஞ்சால் அப்படியே இறுக்கமுடியாது, எடுத்துத் திருப்பிப் போடவேண்டும். ஆப்பரேட்டர் கடைசி வரைக்கும் நின்று பார்த்தார். மாலை வால்வைத் திறந்தார். கசியவில்லை.

இரண்டாம் நாள் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. காலனியார் பொதுக் குழாயை உடைத்துவிட்டதாகப் புகார். புகாரில் ஒரு வரி இருந்தது: ஊர் மக்கள் குடிக்கிற லைனில் கைவைத்ததால் பதற்றம் நிலவுகிறது. உண்மையில் நாங்கள் பிரித்த இடம் எங்கள் கிளைக் குழாய். அந்தத் தண்ணீர் ஊருக்குத் திரும்பிப் போகாது. கை என்றால் எந்தக் கை என்பது புரிந்ததால் நாங்கள் வாதாடவில்லை. வாஷருக்கும் சணலுக்கும் வாங்கிய பில்லை, போனில் எடுத்த படங்களை, 11 நாள் கொடுத்த மனுக்களின் நகல்களை எடுத்துப்போனோம். என் எம்.ஏ. அன்றைக்குப் பதில் மனு எழுத உதவியது. இரு தரப்பிலும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அதை ஒரு வெற்றியாகக் கொண்டாடினோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூன்று பேரும் அதே மக்களைச் சேர்ந்தவர்கள். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அதைப் படித்த இரவு அந்த மே மாதத்துப் பில்களைத் தேடி எடுத்து வேறு கவரில் பத்திரப்படுத்தினேன்.

உத்தரப் பிரதேசத்து பாந்தா பகுதியில் 1990களின் தொடக்கத்தில் மகிளா சமாக்யா திட்டத்தில் தலித், கோல் பெண்கள் கைப்பம்பு பழுதுபார்க்கக் கற்றார்கள். பம்பில் கைவைத்த பெண்கள் பிறகு எழுத்திலும் கைவைத்தார்கள், சொந்தமாகச் செய்தித்தாள் கொண்டுவந்தார்கள். எங்கள் காலனியில் அவ்வளவு தூரம் போகவில்லை. இரவுப் பள்ளியில் பெரியப்பா மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்தார். பையன்களைவிடப் பெண்கள் அதிகம் வந்தார்கள், குழாயடியில் நிற்பது அவர்கள்தானே. சைக்கிள் கடையில் வேலை செய்கிற ஒரு பையன், "இடது பெடல் மட்டும் தலைகீழா கழலுதே, வெரலு தப்பாச்சே" என்று மடக்கினான். பெரியப்பா மகிழ்ந்துபோனார். அது இடமரை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாதென்று அப்படி வெட்டுவார்கள். வெல்டிங் கடையில் அசிட்டிலீன் சிலிண்டருக்கும் இடமரை, ஆக்சிஜனோடு மாற்றி மாட்டிவிடாமல் இருக்க. "அதுக்குப் பீச்சாங்கைக் கட்டவெரல காட்டு" என்றார்.

2019 ஆகஸ்டில் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. எல்லாம் பிளாஸ்டிக். இரும்புக்குச் சணல் சுற்றிய கை பிளாஸ்டிக்கில் அதே பலத்தைக் காட்டினால் சாக்கெட் பிளந்துவிடும். வெள்ளை டேப்பைச் சுற்றிக் கையால் முடுக்கி, அதற்கு மேல் ஒரு சுற்று போதும். டேப் சுற்றுகிற போக்கும் சணல் போக்குத்தான். இதையெல்லாம் இப்போது அத்தையின் மருமகள் பார்த்துக்கொள்கிறாள். பெரியப்பா இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோனார்.

வீட்டுக்கு 20 ரூபாய் போட்டு வாங்கிய இரண்டு 18 இஞ்ச் ரெஞ்சும் அத்தை வீட்டுப் பரணில் இருக்கின்றன. வாங்கிப்போகிறவர்கள் நோட்டில் பேர் எழுதவேண்டும். அத்தை அதைப் படிக்கமாட்டாள், ஆனால் எது யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் சரியாகச் சொல்வாள். போன வாரம் ஊர்த் தெருவிலிருந்து ஒருவர் ஆள் அனுப்பி ஒரு ரெஞ்சு கேட்டாராம். "வேணும்னா அவர வந்து வாங்கிகினு போவச் சொல்லு, நோட்டுல எழுதணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இன்னும் வரவில்லை.